பிளாக் இருபத்திரண்டுக்கு ஒரே கார்டு

பர்னபாஸ் அண்ணனுக்கு வேலை போனது பிப்ரவரியில். அது அவர் மனைவி பியூலா அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஊரில் இத்தனை பேர் இருக்க, இந்த விஷயத்தை என் தலையில் மட்டும் கட்டிவிட்ட கடவுள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அண்ணன் எங்கள் சாம்பியன் ரீப்ஸ்காரர். தங்கச் சுரங்கம் ஓடிய மைன்ஸ் காலத்து லைன் வீடுகளில் இருபத்திரண்டாம் பிளாக்கில் குடியிருக்கிறார். நான் எதிர் பிளாக். இருவரும் காலை ரயிலில் ஒரே பெட்டியில் பெங்களூர் போகிறவர்கள். அவர் ஒயிட்பீல்டில் இறங்குவார். நான் அதைத் தாண்டி கே.ஆர். புரத்தில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை செய்கிறேன். பதினோரு வருடம் அவர் ஒரு பெரிய கம்பெனிக் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தார். கீழே ஆறு பேர். இடுப்பில் வாக்கிடாக்கி. சர்ச்சில் அவருக்குப் பெயரே 'சூப்பர்வைசர் பிரதர்'தான். புது காண்ட்ராக்டர் வந்து ஐம்பது வயது தாண்டியவர்களை நிறுத்தியபோது அவருக்கு ஐம்பத்தொன்று.

அதற்குப் பிறகும் அவர் அதே ரயிலில் வந்தார், அதே ஒயிட்பீல்டில் இறங்கினார். ஏப்ரலில் ஒரு நாள் எங்கள் ஆபீசில் ஆள் இல்லாமல் என்னையே ஒரு கவரைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். ஒயிட்பீல்டில் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு மொத்தக் கடைக்கு. உள்ளே நுழையவே உறுப்பினர் கார்டு வேண்டும். எல்லாப் பொருளும் மூட்டையாகவும் பெட்டியாகவும்தான் கிடைக்கும். அந்த வாசலில் மஞ்சள் பனியனும் தொப்பியும் போட்டுக்கொண்டு, முப்பது டிராலியை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒருவர் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் திரும்புகிற ரயில் பங்காருப்பேட்டை தாண்டியது. பிறகு அவர், "வூட்ல தெரியாது வாசு" என்றார். "மத்த எடத்துல எல்லாம் வயசு கேட்டு அனுப்பிட்டாங்க. மார்ச்லருந்து இங்கதான்."

சரி, ஒரு மாதத்தில் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. சம்பளம் குறைந்ததற்கு ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு காரணம் சொன்னார். அண்ணி நம்பினார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்படியே போயிருக்கும். நவம்பரில் ஐடா அக்கா ஒரு நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வந்து கெடுத்தார்.

ஐடா அக்கா அதே இருபத்திரண்டாம் பிளாக்கில் அண்ணிக்குப் பக்கத்து வீடு. அவர் மகள் ஸ்வீட்டி ஒயிட்பீல்டு பக்கம் வேலை செய்கிறாள். அவள் கொண்டுவந்த நோட்டீசில் அதே மொத்தக் கடை. வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்டினால் உறுப்பினர் ஆகலாம், மைதா, சர்க்கரை, வெண்ணெய், உலர்பழம் எல்லாம் மொத்த விலை என்று போட்டிருந்தது. பியூலா அண்ணி டிசம்பரில் நாற்பது கிலோ கேக்குக்கு ஆர்டர் எடுப்பவர். மாவைக் கலக்கி டின்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி, ஆண்டர்சன்பேட்டை பேக்கரியின் விறகு அடுப்புக்குச் சுமந்துகொண்டு போவார். அவர் அந்த நோட்டீசை ஓர் இரவு முழுக்கப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எந்தப் பொருளுக்கு எவ்வளவு மிச்சம் என்று மனப்பாடமாகச் சொன்னார்.

"கிளப்பா?" என்றார் அண்ணன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நமக்கு எதுக்கு கிளப்பு?"

எங்கள் ஊரில் கிளப் என்றால் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் உட்கார்ந்து குடித்த இடம். அண்ணன் அந்த அர்த்தத்தில் சிரிக்கவைத்து விஷயத்தை முடிக்கப் பார்த்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"மெம்பரானா வெல கம்மி. அவ்ளோதான். நாலு மாசத்துல கட்டின காசு வந்துடும்."

"இருவத்தஞ்சு கிலோ மைதாவ எங்க வைப்ப? வூடே ரெண்டு ரூமு. பாதி பெருச்சாளி தின்னும்."

"இரும்பு டிரம் வாங்கிக்கறேன்."

"ரயில்ல எப்பிடி கொண்டாருவ? ஒக்காரவே எடம் கெடைக்கல."

"நீங்க தெனம் ஒயிட்பீல்டுதான போறீங்க. வாரத்துக்கு ஒரு மூட்ட நீங்க எடுத்தாங்க."

அண்ணனுக்குப் புரை ஏறியது. நான் தண்ணீரை எடுத்து நீட்டினேன். புருஷன் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்றுதான் அண்ணிக்குக் கோபம்.

"நான் இப்பவே சேரப்போறேன்னு சொல்லல" என்றார். "சனிக்கிழம நம்ம சர்ச் பெண்கள் ஐக்கியத்துல வண்டி எடுத்துக்னு போறோம். ஏழு பேரு. ஒரு நாள் பாஸ் சும்மா குடுக்கறாங்களாம். பாத்துட்டு வேணாம்னா வேணாம்."

மறுநாள் ரயிலில் அண்ணன் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். ஒன்பது மாதத்தில் அவர் முகம் அவ்வளவு வெளிறி நான் பார்த்ததில்லை.

"நீயும் கூட போ வாசு. மூட்ட தூக்க ஆள் வேணும்னு சொல்லிக்கோ. அவளுக்கு அந்தக் கட புடிக்கக் கூடாது. வேணாம்னு அவளே சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டா."

"அண்ணா, சொல்லிடுங்களேன். இதுல இன்னா கீது? திருடினீங்களா?"

"ஒனக்குத் தெரியாது. அவங்க அண்ணன் தம்பிங்க எல்லார்கிட்டயும் எங்க வூட்டுக்காரரு சூப்பர்வைசரு, ஆறு பேர வேல வாங்கறாருன்னு சொல்லிக்னு கீறா. பதினோரு வருஷமா சொல்றா. இப்ப நான் வாசல்ல வண்டி தள்றேன்னு எப்பிடிடா சொல்வேன்?"

எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. இரண்டு பேர் வாழ்கிற வீட்டில் எதற்கு இந்த நாடகம் என்று கேட்டேவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாலூர் தாண்டிய பிறகு, சனிக்கிழமை உள்ளே குடோனில் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருப்பதாகவும், வாசல் பக்கமே வரமாட்டேன் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். இல்லை என்று சொல்லத் தெரியாதது எனக்குப் பிறவிக் குறை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கடை வாசலில் எங்கள் வேன் நின்றது. இறங்கும்போதே என் கண்கள் மஞ்சள் பனியன்களைத் தேடின. நான்கு பேர் இருந்தார்கள். நால்வரும் சின்னப் பையன்கள். எனக்கு மூச்சு வந்தது. பெண்கள் ஏழு பேரும் வாசலில் பெயர் எழுதிக்கொடுத்து, கழுத்தில் ஒரு நாள் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல உள்ளே நுழைந்தார்கள்.

அந்தக் கடை ஒரு பெரிய கொட்டகை. கூரை வரை சாமான். பத்து கிலோ மஞ்சள் தூள், ஐந்து லிட்டர் ஊறுகாய். ஐந்து லிட்டர் ஊறுகாயை எந்தக் குடும்பம் தின்னும் என்று நான் உரக்கக் கேட்டேன். வெண்ணெய் இருக்கிற குளிர் அறையில் நடுங்கிக் காட்டினேன். முந்திரியைக் கையில் எடுத்து, நம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முந்திரிதான் பெரிசு என்றேன். அண்ணி ஒரு சின்ன நோட்டில் விலைகளைக் குறித்துக்கொண்டே நடந்தார். ஒரு வரிசைக் கடைசியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு இவ்ளோ பேசற? எங்க வூட்டுக்காரரு சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல அண்ணி, சும்மா."

"சும்மா பேசறவன் இப்பிடி வேர்க்கமாட்டான்."

அப்போது சர்க்கரை மூட்டை அடுக்கின் பின்னால் ஒரு மஞ்சள் பனியன் குனிந்தது. நரைத்த தலை. அண்ணி நேராக அந்தப் பக்கம்தான் நடந்தார். நான் முன்னால் ஓடி மறைத்து நின்றேன். நிமிர்ந்தவர் வேறு யாரோ. என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணி நோட்டை மூடினார். வெண்ணெய் பத்து கிலோப் பெட்டியாகத்தான் கிடைக்கிறது, அவர் பிரிட்ஜில் மூன்று கிலோதான் வைக்க முடியும், எங்கள் லைனில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மைதாவில் மிச்சமாகிற காசு வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். டிசம்பர் தவிர மற்ற மாதங்களில் அவருக்கு இதெல்லாம் தேவையும் இல்லை.

"வேணாம் வாசு. நமக்கு இது கட்டாது."

நான் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் அந்த நிமிஷம் ஸ்தோத்திரம் என்று வாய்வரைக்கும் வந்தது. போனை எடுத்து அண்ணனுக்கு 'வேணாம்னு சொல்லிட்டாங்க' என்று அனுப்பினேன். உடனே கும்பிடு போடுகிற படம் ஒன்று திரும்பி வந்தது. எங்கேயோ குடோனுக்குள் ஒரு மனிதர் மூட்டைமேல் உட்கார்ந்து பெருமூச்சு விட்டிருப்பார்.

கிளம்பலாம் என்று திரும்பினால், ஐடா அக்கா உறுப்பினர் சேர்க்கிற கவுன்டரில் நிற்கிறார். அவருக்குக் கேக்கும் இல்லை, ஆர்டரும் இல்லை. ஸ்வீட்டிக்குப் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்ட ஒரு கார்டு வேண்டும், அவ்வளவுதான். எதிரே பெருமைக்கு ஏற்றிய நாலு மைதா மூட்டையோடு ஒரு டிராலி. மற்ற பெண்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அண்ணியும் போய் நின்றார்.

கவுன்டரில் பவ்யா என்று பெயர் குத்திய ஒரு பெண். ஐடா அக்கா கொடுத்த விலாசத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். மறுபடி அடித்தாள். கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாள்.

"மேடம், இந்த அட்ரசுக்கு ஆகலே, முன்னாடியே ஒரு கார்டு குடுத்தாச்சே. ஒரு அட்ரசுக்கு ஒரு கார்டுதான்."

"எனுக்கு யாரு குடுத்தாங்க? நான் இப்பதான வரேன்."

"பிளாக் இருபத்திரண்டு, சாம்பியன் ரீப்ஸ். கரெக்ட் தானே? பர்னபாஸ்னு இருக்கு. உங்க வீட்லயா?"

எங்கள் லைன்களில் யாரும் வீட்டு நம்பர் எழுதுவதில்லை. பிளாக் நம்பரை எழுதினால் போதும், போஸ்ட்மேன் முதல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார், கடிதம் தானாக உரியவரிடம் வந்துவிடும். ஒரு பிளாக்கின் பத்து வீட்டுக்கும் அதே விலாசம்தான், ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை. அண்ணன் வேலைக்குச் சேரும்போது பாரத்தில் கைப்பழக்கத்தில் அதையே எழுதியிருக்கிறார். இந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கு அந்தப் பத்து வீடும் ஒரே வீடு.

"அது வேற பர்னபாஸ், அக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"எங்க பிளாக்ல ஒரே பர்னபாஸ்தான்" என்றார் ஐடா அக்கா சத்தமாக. "நம்ம சூப்பர்வைசர் பிரதரு. அவருக்கு எதுக்கு இங்க கார்டு?"

"இது ஸ்டாஃப் கார்டு மேடம்" என்றாள் பவ்யா. அவள் மேல் குற்றம் இல்லை, உதவி செய்வதாக நினைத்தாள். "டிராலி செக்‌ஷன். மார்ச்ல ஜாயின் ஆகியிருக்காரு."

மற்ற ஆறு பெண்களும் அண்ணியைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அங்கே நின்ற நேரம் அரை நிமிஷம் இருக்கலாம். ஐடா அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் இது மாரிக்குப்பம் வரை போய்விடும் என்று அந்த வாயைப் பார்த்தே சொல்லலாம்.

"ஆமா, எங்க வூட்டுக்காரருதுதான்" என்றார் பியூலா அண்ணி. குரலில் ஒரு ஆட்டம் இல்லை. "இன்னா ஐடா, நான் ஒனக்கு சொல்லல? அந்தக் கம்பெனி வேணாம்னுட்டு இங்க வந்துட்டாரு. மார்ச்லயே."

"நீ சொல்லவேயில்லியே."

"சொல்லியிருப்பேன். நீ கேட்டிருக்கமாட்ட. அவரு கார்டு கீதேன்னுதான் நான் சேரல. ஒரு வூட்டுக்கு எதுக்கு ரெண்டு?"

ஒன்பது மாதம் அண்ணன் கட்டிய பொய்யை அரை நிமிஷத்தில் அண்ணி தன் பொய்யாக மாற்றிக்கொண்டார். அதுவும் அவரைவிட நன்றாக. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் பவ்யாவின் உதவி அதோடு நிற்கவில்லை. "வைஃபா மேடம்? இருங்க, கூப்பிடறேன்" என்று மைக்கை எடுத்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் கொட்டகை முழுக்க ஒலித்தது. பர்னபாஸ், டிராலி செக்‌ஷன், கஸ்டமர் கவுன்டருக்கு வரவும்.

அவர் ஓடித்தான் வந்தார். கூப்பிட்டால் ஓடிவர வேண்டும் என்பது அங்கே சட்டம். தொப்பி சரிந்திருந்தது, பனியனில் மாவுப் பொடி. "சொல்லுங்க மேடம்" என்று வாயில் பழகிய வார்த்தையைச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், எதிரே யார் என்று பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னாங்க" என்றார் அண்ணி. வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ அதே மாதிரி. "ஐடாவுது நாலு மூட்ட மைதா கீது. நம்ம கார்டுல போட்டுட்டு வண்டியில ஏத்திக்குடுங்க."

அண்ணன் டிராலியைப் பிடித்தார். நான் கூடப் பிடிக்கப் போனேன். அண்ணி என் சட்டையை இழுத்து நிறுத்தினார். "நீ வுடு. அவருக்குத் தெரியும் வேல." அதைச் சொல்லும்போதும் அவர் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

வேனில் பெண்கள் எல்லோரும் பேசினார்கள். அடுத்த மாதம் நம்ம கார்டிலேயே எல்லோரும் வாங்கலாமா என்றார்கள். ஓ, வாங்கலாமே என்று அண்ணி சிரித்தார். பங்காருப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது முன் சீட்டுக்குக் குனிந்து என் காதில் மட்டும் சொன்னார். "அவரு ரயில் வந்ததும் நீயும் வூட்டுக்கு வர. நீயும் கூட்டாளிதான."

அண்ணனோடு சேர்ந்துதான் உள்ளே போனேன். மூன்று தட்டு போட்டிருந்தது. அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணி சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். யாரும் கை வைக்கவில்லை.

"எட்டு மாசமா கார்ட பர்ஸ்ல வெச்சிக்னு கீறீங்க" என்றார். "நான் முழு வெல குடுத்து சக்கர வாங்கிக்னு கீறேன். அத்த வுடுங்க. என்னைய இன்னான்னு நெனச்சீங்க? நீங்க மூட்ட தூக்கினா நான் மூஞ்சிய திருப்பிக்னு போய்டுவேன்னா?"

"அப்பிடி இல்ல பியூலா."

"அப்பிடித்தான். ஊர்ல கீற அத்தன பேரும் எனுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கணும், இந்த வாசு உள்பட. நான் அங்க நின்னு பொய் சொல்லணும். எவ்ளோ கஷ்டமா இருந்தது தெரியுமா?" அவர் குரல் இப்போதுதான் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எப்ப போச்சு வேல?"

"பிப்ரவரில."

"தேதி சொல்லுங்க."

"பதினெட்டு. செவ்வாக்கிழம."

அண்ணி இன்னும் ஏதோ சொல்லவந்தவர் நிறுத்தினார். மத்தியானத்திலிருந்து திட்டுவதற்கு அவர் சேர்த்துவைத்தது எல்லாம் அந்த இடத்தில் எங்கேயோ போய்விட்டது போலிருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"எனுக்குத் தல வெடிச்சிதே, அந்த செவ்வாக்கிழமயா? லைட்ட நிறுத்திட்டுப் படுத்துக்னு இருந்தேனே. நீங்க வந்து சட்டகூட மாத்தாம தைலத்த எடுத்துக்னு தலமாட்டுல ஒக்காந்தீங்க. நான் தூங்கற வரைக்கும் தேச்சீங்க."

"ம்."

"அன்னிக்கா போச்சு?"

"அன்னிக்குத்தான். மத்தியானம்."

"அன்னிக்கு உங்க தலைய யாருங்க புடிச்சி வுட்டாங்க?"

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும் இல்ல" என்றார். பிறகு அழுதார். ஆறு பேரை வேலை வாங்கியவர், ஐம்பத்தொரு வயது, எச்சில் கூடப் படாத சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அண்ணி எழுந்து போய் அவர் பின்னால் நின்று இரண்டு கையாலும் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் என் தட்டை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.